நீ கேட்டிருக்கக் கூடாத மன்னிப்பு

இன்று மத்தியானம் எங்கள் தொழிற்சாலையின் சாப்பாட்டு மண்டபம் முழுக்கப் புரியாணி மணத்தது. தைத்து வந்த சட்டைகளில் நூல் வெட்டிக்கொண்டிருந்த நான் அந்த மணம் பட்டதுமே கத்தரியைக் கீழே வைத்துவிட்டேன். இன்றைக்குப் பண்டிகையும் இல்லை, பெரிய ஓடர் எதுவும் முடித்துக் கொடுக்கவும் இல்லை. அப்படியென்றால் அவர்கள்தான் வந்திருக்கிறார்கள் என்று எட்டிப் பார்க்காமலே எனக்கு விளங்கிவிட்டது. கொழும்பிலிருந்து ஓய்வூதியச் சேமிப்புத் திட்டக்காரர். நீ போனபிறகு அவர்கள் இங்கே வருவது இதுதான் முதல் தடவை.

உனக்கு எழுத வேண்டும் என்று பல நாள் நினைத்திருக்கிறேன். என்ன எழுதுவதென்று தெரியாமல் விட்டுவிடுவேன். இன்றைக்கு வேலை முடிந்து வட்டக்கச்சி வீட்டுக்கு வந்து, முகம்கூடக் கழுவாமல் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அவர்கள் புரியாணியோடு முதன்முதல் வந்த நாள் உனக்கு நினைவிருக்கும். வாரத்தில் பாதி நாள் தலையிடி என்று நெற்றியில் கைலேஞ்சி கட்டிக்கொண்டு தைக்கிற நீ அன்றைக்குப் பளிச்சென்று இருந்தாய். ஊழியர் குழுவுக்கு நாங்கள் தெரிந்தெடுத்த ஆள் நீ. கழுத்துப்பட்டி கட்டிய ஒரு தம்பி வந்து நல்ல தமிழில் கதைத்தான். அரசாங்கத்தின் சேமலாப நிதி ஒரு பக்கம் இருக்கட்டும், இது அதற்கு மேலதிகம் என்றான். நாங்கள் மாதாமாதம் ஒரு பங்கு போட, தொழிற்சாலை அதே அளவு போடும், அவனுடைய நிறுவனம் அதை வளர்த்துத் தரும், வயது போன காலத்தில் பிள்ளைகளின் கையை எதிர்பார்க்கத் தேவையில்லை என்றான். எங்கள் தையல் பிள்ளைகள் ஒருத்தியும் படிவத்தைத் தொடவில்லை. கொழும்பு ஆட்கள் வந்து காசு கேட்டால் வன்னியில் யார் உடனே தலையாட்டுவார்கள்?

அப்போதுதான் எச்.ஆர். மிஸ் உன்னைப் பார்த்து, "நீங்கள் சொன்னால் பிள்ளையள் கேப்பினம்" என்றாள்.

நீ எழும்பினாய். உனக்கு மேடைப் பேச்சு ஒன்றும் தெரியாது, முல்லைத்தீவுக் கரையில் காற்றுக்கு மேலால் கதைத்துப் பழகிய பெரிய குரல் மட்டும்தான்.

"நாங்கள் எல்லாரும் ஒருக்கா எல்லாத்தையும் விட்டுட்டு ஓடினனாங்கள். என்ர அம்மா நகையைக் கிணத்தடியில புதைச்சுவைச்சவா. திரும்பி வந்து பாத்தால் கிணறே இல்லை. இந்தக் காசு தூர இடத்தில இருக்கும். நாளைக்கு நாங்கள் ஓடினாலும் காசு ஓடாது."

அந்த ஒரு வார்த்தைக்குத்தான் எல்லோரும் கையெழுத்து வைத்தோம். கழுத்துப்பட்டிக்கும் வைக்கவில்லை, புரியாணிக்கும் வைக்கவில்லை. நானும்தான். ஷெல் பட்ட காலோடு குத்தகை வயலில் மாரடிக்கிற என் மனிசன் அன்று இரவு, "கடைசியில உனக்கெண்டாலும் ஒரு பென்சன் வரப்போகுது" என்று சிரித்தார்.

பூநகரிப் பிள்ளை நிரோஜா கல்யாணம் கட்டி வேலையை விட்டபோதுதான் முதல் அடி விழுந்தது. புருசனோடு சேர்ந்து கடலுக்கு ஒரு வலை வாங்க வேண்டும் என்று தன் சேமிப்பைக் கேட்டாள். வந்த காசு அவள் போட்டதைவிடக் குறைவு. தொழிற்சாலையின் பங்கு ஒரு சதம்கூட வரவில்லை. அவள் உனக்குப் போன் எடுத்து அழுதபோது நீ நம்பவேயில்லை. "எங்கேயோ பிழை நடந்திருக்கு, நான் பாத்துச் சொல்லுறன்" என்றாய்.

நாங்கள் இரண்டு பேரும் லீவு போட்டு, விடியவிடிய பஸ்ஸில் இருந்து கொழும்புக்குப் போனோம். அந்தக் கண்ணாடிக் கட்டடத்தில் எங்களுக்குக் குளிர்ந்த தண்ணீர் தந்தார்கள். மரியாதையாகவே கதைத்தார்கள். அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறாதது. முகத்தைச் சுளித்திருந்தால்கூட திருப்பிக் கத்தியிருக்கலாம்.

ஒரு தமிழ் மிஸ் எங்களை இருத்திவைத்துப் பொறுமையாகச் சொன்னா. குறித்த வருசங்கள் முடிவதற்கு முன் வேலையை விட்டால் தொழிற்சாலை போட்ட பங்கு ஊழியருக்குக் கிடையாது. முதல் வருசங்களில் நாங்கள் போட்டதில் ஒரு பகுதி ஆள் சேர்த்த முகவரின் தரகுக்குப் போய்விடும். நிர்வாகக் கட்டணம் மாதாமாதம் கழியும். காசு போடுவதை நாங்கள் நிறுத்தினாலும் அது நிற்காது, இருக்கிறதிலிருந்து கழிந்துகொண்டே இருக்கும்.

"நீங்கள் தமிழில தந்த கடதாசியில இதொண்டும் இல்லையே, மிஸ்?" என்று நீ கேட்டாய்.

"அது விளம்பரம் அக்கா. ஒப்பந்தம் இங்கிலீசில இருக்கு. நீங்கள் கையெழுத்து வைச்சது அதுக்குத்தான்."

பிறகு கேட்டாய்: "அப்ப நிரோஜான்ர பேரில தொழிற்சாலை போட்ட காசு இப்ப எங்க?"

"அது திரும்ப உங்கட கம்பனியின்ர கணக்குக்குப் போகும். அடுத்த முறை அவை போடவேண்டிய பங்கில கழிப்பம்."

"எங்கட இடத்தில பிள்ளையள் கல்யாணம் கட்டினால் வேலையை விட்டுடுவினம் மிஸ். அந்த வருசக் கணக்கு முடியுமட்டும் வேலையில நிக்கிறது பத்துக்கு ஒண்டோ ரெண்டோ. அப்ப இதால ஆருக்கு லாபம்?"

அந்த மிஸ் கோப்பை மூடினா. அவவும் எங்களைப்போலச் சம்பளத்துக்கு நிற்கிற பிள்ளைதானே. எங்கள் தண்ணீர்ப் போத்தல்களைப் பார்த்துக்கொண்டு இருந்தா.

திரும்பி வரும்போது பஸ் வவுனியா தாண்டியது. பிறகு யன்னலைப் பார்த்தபடியே, "நான் சொல்லித்தானேடி எல்லாரும் சேர்ந்தவை" என்றாய். உனக்கும் அவங்கள் இதைச் சொல்லவில்லையே என்றேன். "எனக்குச் சொல்லேல்லை. ஆனா நான் கேக்கவும் இல்லை" என்றாய். அந்த ஒரு வசனத்திலிருந்து உன்னை வெளியே எடுக்க என்னால் கடைசிவரைக்கும் முடியவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் காலைப் பூசை முடிந்ததும் நீ வீடு வீடாகப் போனாய். வேலையை விட்டுப் போய், காசை இழந்த பிள்ளைகளின் வீடுகள். நானும் உன் பின்னால் வந்தேன். சிலர் இருத்தித் தேத்தண்ணி தந்தார்கள். சிலர் உனக்காக இரங்கினார்கள். பூநகரிக்குப் போன நாளை மட்டும் என்னால் மறக்க முடியாது. பரந்தனில் காத்திருந்து காத்திருந்து பஸ் ஏறி, இறங்கி, உப்புக்காற்றுக்குள் நெடுந்தூரம் நடந்தோம். நிரோஜாவின் அம்மா வாசலில் இருந்து இறால் உடைத்துக்கொண்டிருந்தா. நீ நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாய். "என்ர பேச்சைக் கேட்டுத்தான் உங்கட மகள் ஏமாந்தவா. என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ அம்மா" என்றாய்.

அவ தலையை நிமிர்த்தவில்லை. "உன்ர மன்னிப்பை வைச்சு நாங்கள் வலை வாங்கேலுமே, பிள்ளை?" என்றுவிட்டு இறாலை அள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டா.

திரும்ப பஸ்ஸுக்கு நின்றபோது நீ வீதியோரக் கல்லில் இருந்துவிட்டாய். உன் செருப்பு வார் காலுக்குள் புதைந்திருந்ததை அப்போதுதான் கண்டேன். கால் இரண்டும் பொதுபொதுவென்று வீங்கி இருந்தன. நடந்த வீக்கம் என்றாய். நானும் அதை நம்பினேன்.

பிறகு, சிறுநீரக வருத்தம் என்று ஆசுப்பத்திரியில் சொன்னார்கள். மருந்துக்கும், கிளினிக்குக்கு வவுனியா போய்வரவும், வேலைக்குப் போகாத நாட்களுக்கும் என்று உன் கை வெறுமையாகிக்கொண்டு வந்தது. உன் பேரில் காசு இருந்தது. உன்னிடம் இருக்கவில்லை. வருத்தக்காரர் முன்கூட்டியே எடுக்கலாம் என்று ஒரு விதி இருப்பதாகக் கேள்விப்பட்டு நீ கொழும்புக்குப் போன் எடுத்தாய். சாப்பாட்டு மண்டபத்தின் பின்பக்கம் வேம்பின் கீழ் நின்று, நானும் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டி வைத்தாய். மறுபக்கம் ஒரு பெடியன் பட்டியலைப் பார்த்துச் சொன்னான், சிறுநீரக வருத்தம் அதில் இருக்கிறதாம். ஆனால் ஒழுங்காக மெசினில் இரத்தம் சுத்தம் செய்யவேண்டிய நிலைக்கு வந்தவர்களுக்கு மட்டும்தானாம்.

"நான் இன்னும் அதுக்கு வரேல்லைத் தம்பி. வராமல் இருக்கத்தான் காசு கேக்கிறன்."

"விளங்குது அக்கா. ஆனா விதி அப்பிடி."

"அப்ப இன்னும் மோசமானால் தருவியளோ?"

"ஓம் அக்கா," என்றான் அவன், உண்மையான இரக்கத்தோடுதான். "அந்த நிலைமைக்கு வந்த உடன அறிவியுங்கோ."

போனை வைத்துவிட்டு நீ சிரித்தாய். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். என்னடி என்று நான் உன் தோளைப் பிடித்தபோதுதான் நீ அழுதுகொண்டிருப்பது தெரிந்தது.

வேலையை விட்டு வீட்டில் படு என்று எத்தனை தரம் சொன்னேன். விட்டால் தொழிற்சாலையின் பங்கு போய்விடும், அம்மாவுக்கு மிஞ்சுவது அது ஒன்றுதான் என்பாய். வீங்கின காலால் மெசினை மிதித்துக்கொண்டு இருந்தாய். சுப்பவைசர் பிள்ளை உனக்காக ஒரு தலையணை கொண்டுவந்து கதிரையில் போட்டாள். அதற்குமேல் எங்களால் செய்ய ஒன்றும் இருக்கவில்லை. வேலை இல்லாத ஞாயிறுகளில் நீ படுத்திருக்கவும் இல்லை. மிச்ச வீடுகளுக்குப் போக வேண்டும் என்றாய். மூச்சு வாங்கிக்கொண்டு வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டாய். அந்தப் பயணங்களுக்குச் செலவழித்த உடம்பை நீ உனக்கென்று வைத்திருந்தால் இன்னும் கொஞ்சக் காலம் இருந்திருப்பாயோ என்று நான் யோசிக்காத நாள் இல்லை.

அவர்கள் சொன்ன நிலைமைக்கு நீ வந்தாய். அறிவிக்கத்தான் நேரம் இருக்கவில்லை. காய்ச்சலும் சேர்ந்து வந்து, ஒரு கிழமைக்குள் முடிந்துவிட்டது. பிறகு உன் அம்மாவுக்கு ஏதோ ஒரு தொகை வந்தது. எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. "சவப்பெட்டிக் காசுக்கும் ஆசுப்பத்திரிக் கடனுக்கும் சரியாப் போச்சுது பிள்ளை" என்று மட்டும் சொன்னா.

இன்றைக்கு என்ன நடந்ததென்றால், புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளை வரிசையாக இருத்தியிருந்தார்கள். எச்.ஆர். மிஸ் மாறிவிட்டாள், இவளுக்கு உன்னைத் தெரியாது. என்னைக் கூப்பிட்டு, "அக்கா, நீங்கள் பழைய ஆள். பிள்ளையளுக்கு ரெண்டு வார்த்தை சொல்லுங்கோ" என்றாள்.

நான் எழும்பினேன். என் குரல் உன்னுடையது மாதிரிப் பெரிசு இல்லை. ஆனாலும் சொன்னேன். நிரோஜாவைச் சொன்னேன். ஒப்பந்தத்தை யாராவது தமிழில் வாசித்துக் காட்டும்வரை கையெழுத்து வைக்கவேண்டாம் என்றேன். உன்னைப் பற்றியும் சொல்லத் தொடங்கினேன். "அவ செத்துப்போனா" என்றதோடு நின்றுவிட்டேன்.

கழுத்துப்பட்டி கட்டிய புதுத் தம்பி ஒருவன், "அது பழைய விதி அக்கா, இப்ப எல்லாம் மாத்தியாச்சு" என்றான். மாற்றியதைத் தமிழில் தாருங்கள் என்றேன். அனுப்பிவைப்பதாகச் சொன்னான். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு ஒருத்தி எழும்பிப் போய்க் கையெழுத்து வைத்தாள், அவள் பின்னால் மற்றவர்கள். ஒரு சிலர்தான் வைக்காமல் இருந்தார்கள். சேர்ந்த மாதமே மிஸ்ஸின் முகத்துக்கு முன்னால் மாட்டேன் என்று சொல்ல எந்தப் பிள்ளைக்குத் துணிவு வரும்? பின்னேரம் மிஸ் என்னைத் தனியே மறித்து, "நீங்கள் செய்தது கம்பனிக்கு நல்லமில்லை அக்கா. நாளைக்குக் காலமை மனேஜரை ஒருக்காச் சந்தியுங்கோ" என்றாள்.

எனக்குப் பயமாக இருக்கிறது. நாளைக்கு என்னை வேலையிலிருந்து நிற்பாட்டினால், எனக்கும் அந்த வருசக் கணக்கு இன்னும் முடியவில்லை. நானாகக் காசு கட்டுவதை நிறுத்தினாலும் இருப்பது கரைந்துகொண்டு போகும். நிற்கவும் வழியில்லை, போகவும் வழியில்லை. நீ கேட்காமல் விட்டேன் என்று நொந்த கேள்வியை நான் கேட்டாயிற்று. அதற்குப் பிறகு என்ன செய்வதென்று சொல்ல நீ இல்லை. மனிசனுக்கு இன்னும் சொல்லவில்லை. அவர் வாய்க்காலில் தண்ணீர் திருப்பப் போயிருக்கிறார்.

உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது பொறுமை இல்லை, உன் நல்ல மனமும் இல்லை. உன்னை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. உன்மேல் இல்லை. அந்தக் கண்ணாடிக் கட்டடத்திலிருந்து ஒருவர்கூட எந்த வாசலுக்கும் வந்து தலைகுனிந்து நிற்கவில்லை. எங்கள் தொழிற்சாலைக் கந்தோரிலிருந்தும் வரவில்லை. காலில் நீர் கோத்த நீதான் வாசல் வாசலாக நின்றாய். அந்த மன்னிப்பை நீ கேட்டிருக்கவே கூடாது. கேட்க விட்டு நானும் பக்கத்தில் நின்றிருக்கக் கூடாதோ என்னவோ, இப்போது அதை யோசித்துப் பயனில்லை.

வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும், இந்த ஞாயிறு நான் பூநகரிக்குப் போகிறேன். நிரோஜாவின் அம்மா கதவைச் சாத்தினாலும் வெளியே நின்று சொல்லிவிட்டுத்தான் வருவேன்: அண்டைக்கு உங்களிட்ட மன்னிப்புக் கேட்டவள் ஒரு பிழையும் செய்யேல்லை எண்டு.