மூன்றாம் சுரங்கத்தருகே ஒரு சிவப்புச் சட்டை

1974 அக்டோபர் 6, ஞாயிறு
காலை ஒன்பது மணிக்கு நானும் நண்பன் ஆர்வில்லும் ரயிலைப் படம் எடுக்க மலை ரயில்பாதையின் மூன்றாம் சுரங்கத்துக்குப் போனோம். முதுகுக்குப் பின்னால் நல்ல வெயில், மலை உச்சியில் புதுப் பனி. நிலக்கரி ரயில் சுரங்கத்திலிருந்து வெளியே வருகிற நேரத்தில் ஆர்வில் வளைவில் சரியாக என் படத்துக்குள் நின்றான். கத்தினால் கேட்காது. என் சிவப்பு மேல்சட்டையைக் கழற்றி, விலகு விலகு என்று ஆட்டினேன். விலகினான். எஞ்சினிலிருந்து இரண்டு குறுங்கூவல். டிரைவர் எனக்கு வணக்கம் சொல்கிறான் என்று நினைத்துப் படம் எடுத்தேன்.

அடுத்த நொடி பிரேக் அலறியது. சக்கரமெல்லாம் புகை. பின்னால், சுரங்கத்துக்குள், இடி விழுந்த மாதிரி ஒரு சத்தம்.

காரில் ஏறி வந்துவிட்டோம். ஏன் ஓடினோம்?

அக்டோபர் 7
என் இரும்புக்கடையில் ஆணி வாங்க வந்தவர்களுக்கும் வேறு பேச்சில்லை. நான்கு வேகன்கள் கவிழ்ந்தனவாம். கடைசிப் பெட்டியில் இருந்தவனுக்குத் தோள் எலும்பு முறிவு. ஓட்டியது ராஸ்கோ, எங்கள் தெருக்காரன். எவனோ சிவப்பாக எதையோ ஆட்டினான் என்கிறானாம். "ஆமா, பாட்டில்ல பாத்திருப்பான்" என்று ஒருவன் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அக்டோபர் 9
ஆர்வில் பதினொரு வருடம் ரயிலில் பிரேக் வேலை பார்த்தவன்.

"தண்டவாளத்துப் பக்கத்துல யாரு எதை வேகமா ஆட்டினாலும் 'நிறுத்து'ன்னுதான் அர்த்தம். அதான்டா சட்டம்."

"அந்த ரெண்டு கூவல்?"

"நீ சொன்னது புரிஞ்சுதுன்னு பதில். வணக்கமாம், வணக்கம்!"

"அப்பவே ஏன்டா சொல்லல?"

"நீ எனக்குத்தான் ஆட்டினேன்னு எனக்குத் தெரியும். அவனுக்கு எப்படிடா தெரியும்?"

யாரிடமும் வாயைத் திறக்க மாட்டானாம். பிலிமை என்ன செய்யப் போகிறாய் என்று மட்டும் கேட்டான்.

அக்டோபர் 12
பிலிம் குளிர்பெட்டியில், வெண்ணெய்க்குப் பக்கத்தில். யாராவது கடைக் கதவைத் திறந்தாலே ராஸ்கோவா என்று திரும்பிப் பார்க்கிறேன்.

அக்டோபர் 15
ராஸ்கோ கதவுக் கீல் வாங்க வந்தான். விசாரணை 23ஆம் தேதி. காரணமில்லாமல் வண்டியை நிறுத்தினான் என்று வேலையை விட்டுத் தூக்கப் போகிறார்கள்.

"ஹார்லன், நீயும் படம் எடுக்கப் போவியே. சிவப்புச் சட்டைக்காரன் எவனையாவது பாத்திருக்கியா?"

"இல்லியே."

"என் கண்ணால பாத்தேன்யா. இப்ப எனக்கே சந்தேகமா இருக்கு."

சட்டை என் முதுகுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. முப்பது வருட வியாபாரத்தில் ஒரு சாமானைக்கூடப் பொய் சொல்லி விற்றதில்லை நான்.

அக்டோபர் 20
இருட்டறையில் விளக்கைப் போட்டேன். பிலிமை வெளிச்சத்தில் இழுத்துவிட்டால் தீர்ந்தது, சாட்சியே இல்லை. இரண்டு அங்குலம் இழுத்தேன். அதற்கு மேல் கை வரவில்லை. விளக்கை அணைத்துவிட்டுக் கழுவினேன்.

படத்தில், எஞ்சின் ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பு தொங்க, வாய் பிளந்து, என்னைப் பார்த்தபடி ராஸ்கோ. பயம். எனக்கு என்ன ஆனதோ என்ற பயம். கீழே ஜல்லிமேல் என் நிழல், தண்டவாளம் வரை நீண்டு. நிழலின் கையில் சட்டை.

அக்டோபர் 22
மனைவி டெல்லாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"வழக்குப் போடுவாங்க. கடை போயிடும்" என்றேன்.

"போகட்டும். பதினாறு நாளா அந்தச் சட்டையை நீ எரிக்கலையே, ஹார்லன். எரிக்கிற ஆளா இருந்தா என்னிக்கோ எரிச்சிருப்ப."

அக்டோபர் 23
படத்தை எடுத்துக்கொண்டு, அந்தச் சட்டையையே போட்டுக்கொண்டு விசாரணைக்குப் போனேன். ராஸ்கோ என் முகத்தைப் பார்க்கவில்லை. சட்டையைத்தான் பார்த்தான்.

டிசம்பர் 1, ஞாயிறு
ரயில் கம்பெனியின் வக்கீல் கடிதம் இன்னொன்று வந்திருக்கிறது. கடை எதுவரையோ தெரியாது. ரயில் நிலத்தில் நான் கால் வைக்கக்கூடாது. அதனால் வேலிக்கு இந்தப் பக்கம், சாலையோரம் நின்றேன். கேமரா கழுத்தில், இரண்டு கையும் பாக்கெட்டில்.

பத்து மணிக்கு நிலக்கரி வண்டி வந்தது. ஜன்னலில் மறுபடியும் ராஸ்கோ. விரலைக்கூட அசைக்கவில்லை.

இரண்டு குறுங்கூவல்.