பிரெண்டனின் 262-ஆவது ஆட்டத்தை நிறுத்தக் கோரி

அனுப்புநர்:
திருமதி லியான் ஹெகார்ட்டி,
(தாரபூல் கிளப் ஆட்டக்காரர் பிரெண்டன் ஹெகார்ட்டியின் மனைவி)
தானியக் கிடங்குச் சாலை,
தாரபூல், விக்டோரியா.

பெறுநர்:
திரு. லெஸ் பெட்ஷெல் அவர்கள்,
தலைவர், வடமல்லி கால்பந்து லீக்,
தாரபூல்.

பொருள்: வரும் சனிக்கிழமை கேர்வின் ஏரி அணிக்கு எதிரான ஆட்டத்தில் என் கணவரை இறக்காதிருக்க, லீக் விதி 14-இன் கீழ் தலைவரின் தடையாணை வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: கடந்த ஞாயிறன்று தாங்கள் எனக்கு வாய்மொழியாக வழங்கிய அறிவுரை.

மதிப்பிற்குரிய ஐயா,

முறைப்படி எழுதிக் கொடுத்தால்தான் எதையும் பரிசீலிக்க முடியும் என்று தாங்கள் ஞாயிறு மதியம் சொன்னீர்கள். ஆகவே எழுதுகிறேன். நாளை வியாழன் மாலை பயிற்சி முடிந்ததும் கிளப் கதவில் அணிப் பட்டியல் ஒட்டப்படும். அதற்குள் தாங்கள் கையெழுத்துப் போடாவிட்டால் சனிக்கிழமை என் கணவர் மைதானத்தில் இறங்குவார். அவர் இறங்கக் கூடாது. மனுவின் சாரம் இவ்வளவுதான். ஏன் என்பதைக் கீழே தெரிவித்துக்கொள்கிறேன்.

1. நம் லீக்கில் கோதுமை பொய்த்த ஆண்டுகள் உண்டு. புள்ளிவிவரம் பொய்த்த ஆண்டு கிடையாது. ஆட்டநாள் கையேட்டின் கடைசிப் பக்கத்தில் வரும் ‘உங்களுக்குத் தெரியுமா?’ பகுதியை வாசிக்காமல் இங்கே யாரும் இறைச்சி ‘பை’ பண்டத்தின் மேல் தக்காளி சாஸ் ஊற்றுவதில்லை. 1953-இல் தாரபூல் ஒரு கோல்கூட அடிக்காமல் இருபத்தொரு ஒற்றைப் புள்ளிகளை மட்டும் சேர்த்து, கோலுக்கு ஆறு புள்ளி வீதம் மூன்று கோலும் நான்கு ஒற்றைப் புள்ளிகளும் எடுத்த எதிரணியிடம் ஒரே புள்ளியில் தோற்றது. 1961-இல் கேர்வின் ஏரி அணியின் பதினெட்டுப் பேரில் பதினொருவர் ஹோஸ்கின் குடும்பத்தார். வானொலியில் வர்ணனை செய்தவர் பெயர் சொல்வதைக் கைவிட்டுச் சட்டை எண்களை மட்டும் வாசித்தார். கோல் நடுவர் ஒருவர் தன் வைக்கோல் போர் தூரத்தில் தீப்பிடித்ததைக் கண்டு, கோலை அறிவிக்கும் இரண்டு கொடிகளையும் கம்பத்தில் சாத்திவிட்டு ஓடினார். அந்த நேரத்தில் விழுந்த கோல் கணக்கில் சேராமலே போனது. இவற்றையெல்லாம் நான் சாப்பாட்டு மேசையிலேயே மனப்பாடம் செய்தவள். புள்ளிவிவரத்தின் மேல் எனக்கு வெறுப்பு கிடையாது என்பதைப் பதிவு செய்யவே இதை எழுதுகிறேன்.

2. கிளப் கூடத்துக் கௌரவப் பலகையில், ஓர் ஆட்டம்கூடத் தவறாமல் தொடர்ந்து ஆடியவர்களின் பெயர்கள் தங்க எழுத்தில் உள்ளன. கிளெம் ராத்போன், 261. மெர்வ் டியூகிட், 248. நெவில் ஷார்மன், 233. நான்காவது பெயர் தங்களுடையது, 219. என் கணவர் கடந்த வாரம் கிளெமின் 261-ஐ எட்டிப் பிடித்தார். வரும் சனிக்கிழமை ஆடினால் 262. பலகை எழுதுபவர் திங்களன்றே வந்து, கிளெமுக்கு மேலே என் கணவரின் பெயரைப் பென்சிலால் குறித்துவிட்டுப் போயிருக்கிறார். மைதானத்துக்குள் ஓடும்போது அவர் கிழித்துக்கொண்டு போக வேண்டிய காகிதத் திரையைப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து ஒட்டிக்கொண்டிருக்கிறோம். அதில் 262 என்ற எண்ணுக்கு வண்ணம் தீட்டியவள் என் மகள் டெஸ். அவளுக்கு வயது எட்டு. நான் பசைக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

3. என் கணவருக்கு இந்தப் பருவத்தில் மூன்று முறை தலையில் அடிபட்டிருக்கிறது. முதல் முறை அவரை வெளியே உட்காரவைத்து, இன்று யாரோடு ஆடுகிறோம் என்று கேட்டார்கள். அவர் எதிரணியின் சட்டை நிறத்தை எட்டிப் பார்த்துவிட்டுச் சரியாகச் சொன்னார். அவர் எட்டிப் பார்த்ததை, கேள்வி கேட்டவரும் கவனித்தார். சிரித்துக்கொண்டே மறுபடி உள்ளே அனுப்பினார். இரண்டாம் முறை கேட்கவேயில்லை. மூன்றாம் முறை, கடந்த சனிக்கிழமை, பந்தை மட்டுமே பார்த்துப் பின்னோக்கி ஓடியவர், எதிரே வந்தவரின் தோளில் மோதி விழுந்தார். எழுந்தார். கூட்டம் கைதட்டியது. ஆட்டம் முடிந்து நாங்கள் காரில் திரும்பியபோது, ஐந்து வருடத்துக்கு முன் நாங்கள் காலி செய்த வாடகை வீட்டின் முன் வண்டியை நிறுத்தி, இறங்கிப் போய், எங்கள் சாவியை அந்தக் கதவில் போட்டுத் திருப்பிக்கொண்டிருந்தார். இப்போது அங்கே குடியிருக்கும் பெண் கதவைத் திறந்து, “என்ன பிரெண்டன், ஏதாச்சும் விட்டுட்டுப் போயிட்டியா?” என்று கேட்டார். இவர் அந்தப் பெண்ணைப் பார்த்துவிட்டு, திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் ஏற்கெனவே வேறொரு முகத்தில் பார்த்திருக்கிறேன். அதனால்தான் பயப்படுகிறேன்.

4. மூன்று வாரம் மைதானத்துப் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டை என் கணவர் கிளப்பில் கொடுக்கவில்லை. நான் கொண்டுபோய்க் கொடுத்தபோது அவர்கள் வாங்கவில்லை. ஆட்டக்காரர் தானாகத் தர வேண்டுமாம். பயிற்சியாளர் திரு. டேமியன் குவில் என்னிடம் சொன்னதை அப்படியே தருகிறேன்: “கோட்டைத் தாண்டி ஒரு கால் வெச்சாலே கணக்குதான் லியான். நடுவர் பந்தைத் தரையில அடிச்சு எழுப்பி ஆட்டத்தைத் தொடங்குவாரு, இவன் அடுத்த நிமிஷம் வெளிய வந்து போர்வையைப் போத்திக்கிட்டு உக்காந்துடுவான். எருமை மண்டை அவனுக்கு, ஒண்ணும் ஆகாது. நீ போய் ஸ்கோனுக்கு மாவு பிசை.” என் கணவரும் அதையேதான் சொல்கிறார்: “ஒரே ஒரு நிமிஷம்டி. பதினஞ்சு வருஷத்துக்கு ஒரே ஒரு நிமிஷம்.”

5. ஒரு நிமிடத்துக்கென்று உள்ளே போனவர்களின் கதையும் ‘உங்களுக்குத் தெரியுமா?’ பக்கத்திலேயே இருக்கிறது. 1974-இல் மெர்வ் டியூகிட் உடைந்த தாடையைக் கம்பியால் கட்டிக்கொண்டு, கணக்குக்காக ஒரு நிமிடம் மட்டும் ஆட இறங்கினார். கடைசி சைரன் வரை ஆடி ஐந்து கோல் போட்டார். அதில் இரண்டு கோல்கள் தன் பக்கத்துக் கம்பங்களை நோக்கி அவர் ஓடத் தொடங்கி, மற்றவர்கள் பிடித்துத் திருப்பிவிட்ட பிறகு அடித்தவை. இதை நாம் நாற்பத்தைந்து வருடமாக வேடிக்கைத் துணுக்காக வாசித்து வருகிறோம். மறுபடி ஒருமுறை வாசித்துப் பார்க்கும்படி தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

6. நான் இங்குள்ள முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்கிறேன். பலகையில் உள்ள முதல் மூவருக்கும் மதியச் சாப்பாடு கொண்டு போவது நான்தான். மூவரும் ஒரே நடைவழியில் இருக்கிறார்கள். கிளெம் சனிக்கிழமை என்றில்லாமல் தினமும் காலையில் காலுறையை முழங்கால் வரை இழுத்துவிட்டு, ஆட்டத்துக்குப் போகும் பஸ்ஸுக்காக வாசலில் நிற்கிறார். மெர்வ் யாருடனும் பேசுவதில்லை. பின்னாலிருந்து யாராவது வந்தால் குனிந்துகொள்கிறார். நெவில் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, “எத்தனைக்கு எத்தனை? நாம முன்னால இருக்கமா இல்லியா?” என்று கேட்கிறார். முன்னால் இருக்கிறோம் என்று சொன்னால் கையை விட்டுவிடுகிறார். கரண்டியைத் திரும்ப எடுக்கும்போது மறுபடி பிடிக்கிறார். இவர்களைப் பற்றி டாக்டரிடம் கேட்டேன். வயதானால் யாருக்கும் வரக்கூடியதுதான், நான்கைந்து பேரை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது என்றார். அவர் சொல்வது சரியாகவே இருக்கலாம். ஐந்தாவது ஆள் வந்து கணக்குச் சரியாகும்வரை காத்திருக்க எனக்கு விருப்பமில்லை.

7. நான்காவது பெயரைப் பற்றி எழுத வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டேன். மன்னிக்க வேண்டும், இதை யாராவது தங்களிடம் சொல்லியிருக்க வேண்டும், ஒருவரும் சொல்லவில்லை. லீக்கின் ஆண்டு விருந்தில் தாங்கள் வரவேற்புரை ஆற்றினீர்கள். எல்லோரும் எழுந்து கைதட்டினோம். இனிப்பு பரிமாறிய பிறகு தாங்கள் மறுபடி மேடையேறி அதே உரையை, அதே நகைச்சுவையோடு, முதல் வரியிலிருந்து ஆற்றினீர்கள். அப்போதும் எல்லோரும் எழுந்து கைதட்டினோம். தங்கள் மேல் இந்த ஊருக்கு அவ்வளவு பிரியம். கடிதங்களைச் செயலாளர் எழுதுகிறார், தாங்கள் கையெழுத்திடுகிறீர்கள். கூட்டத்தில் தாங்கள் கேட்ட கேள்வியையே மறுபடி கேட்டால், புதிதாகக் கேட்பதுபோல் எல்லோரும் பதில் சொல்கிறார்கள். அன்பு என்று நினைத்துத்தான் செய்கிறார்கள். எனக்கோ அதைப் பார்க்கப் பயமாக இருக்கிறது. ஒருநாள் பிரெண்டனுக்கும் இப்படித்தான் கைதட்டுவார்கள்.

8. ஞாயிறன்று நடந்ததைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். தங்கள் வீட்டில், மதியச் சாப்பாட்டில், வறுத்த ஆட்டிறைச்சிக்குப் பிறகு நான் கேட்டேன்: “அப்பா, இந்த வாரம் பிரெண்டனை இறக்க விடாதீங்க.” தாங்கள் வாயைத் துடைத்துக்கொண்டு, மிகுந்த மரியாதையோடு சொன்னீர்கள்: “அம்மணி, தலைவர்ங்கிற முறையில இப்படிச் சாப்பாட்டு மேசையில வெச்சு நான் எதுவும் சொல்லக் கூடாது. முறைப்படி எழுதிக் குடுங்க, பார்க்கலாம். உங்க வீட்டுக்காரர் பேரு என்னன்னு சொன்னீங்க?” அம்மா நிரம்பியிருந்த என் தட்டிலேயே மறுபடி குழம்பை ஊற்றினார். ஐயா, நான் தங்கள் மகள். தங்கள் ஒரே மகள். பழைய வாடகை வீட்டு வாசலில் நான் பிரெண்டனிடம் பார்த்த பார்வை அன்று தங்கள் முகத்தில் இருந்தது. அதற்கு முன்னும் பலமுறை இருந்திருக்கிறது. மனு எழுதினால் தாங்கள் வாசிப்பீர்கள் என்பதால் மனுவாக எழுதுகிறேன். வேறு எப்படித் தங்களிடம் வருவது என்று எனக்குத் தெரியவில்லை.

9. தங்கள் நிலையைக் குறித்து லீக் குழுவிடம் நான் புகார் செய்யவில்லை. செய்திருக்க வேண்டும் என்றும் தோன்றுகிறது. செய்தால் தங்கள் கையெழுத்துக்கு மதிப்பில்லாமல் போகும், எனக்கு இந்த வாரம் அது வேண்டும். விதி 14-இன்படி, உடல்நிலையில் ஐயமுள்ள எந்த ஆட்டக்காரரையும் தலைவர் ஒருவரே, யாரையும் கேட்காமல், எழுத்துமூலம் நிறுத்தி வைக்கலாம். தவிர, உலகத்தில் பிரெண்டன் எதிர்த்துப் பேசாத ஒரே ஆள் தாங்கள்தான். நேற்று நான் அழுதபோது, “மாமா வேண்டாம்னு எழுதிட்டா நான் சட்டையைக் கழட்டி வெச்சுடறேன். வேற யாரு சொன்னாலும் மாட்டேன்” என்றார். தாங்கள் எழுத மாட்டீர்கள் என்ற தைரியத்தில் சொன்னார் என்று நினைக்கிறேன்.

ஆகவே ஐயா, காலை பத்து மணிவரை தாங்கள் தெளிவாக இருக்கிறீர்கள் என்று அம்மா சொல்கிறார். நாளைக் காலை அலுவலகத் தபாலோடு இந்த மனுவைத் தங்கள் மேசையில் அவர் வைப்பார். உடன் தடையாணையையும் தட்டச்சு செய்து இணைத்திருக்கிறேன். தயவுசெய்து அதைக் கூட்டத்துக்கு ஒத்திவைக்க வேண்டாம், செயலாளரிடம் கேட்கவும் வேண்டாம். கையெழுத்து இட்டதும் அம்மா அதை எடுத்துக்கொள்வார். நான் வாசலில் காரில் காத்திருப்பேன். சனிக்கிழமை ஊரே என்னைத் திட்டும். காகிதத் திரையைச் சுருட்டி வீட்டுக்கு எடுத்து வர வேண்டியிருக்கும், டெஸ்ஸுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அதையெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்.

இதை வாசிக்கும்போது தங்களுக்கு என்னை நினைவு வந்தால் மகிழ்வேன். வராவிட்டாலும் குற்றமில்லை, எவளோ ஒருத்தி தன் கணவனுக்காக எழுதியிருக்கிறாள் என்று எடுத்துக்கொள்ளலாம். தாங்கள் என் பெயரை மறந்ததைத் தாங்கிக்கொண்டேன். இன்னொருவர் மறப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க என்னால் முடியாது. கையெழுத்துப் போடுங்கள், அப்பா.

இடம்: தாரபூல்
தேதி: 14.08.2019, புதன்கிழமை

இங்ஙனம்,
தங்கள் லீக்குக்கு உட்பட்டவளும்
தங்கள் மகளுமான,
(கையொப்பம்)
லியான்