வெந்த சுவர்

மோகனூர்

அன்புள்ள அண்ணா,

நம் இரு பாகத்துக்கும் நடுவே சுவர் எழுப்ப அஸ்திவாரம் தோண்டினோம். இடுப்பளவு ஆழத்தில் பழைய மண்சுவர்த் துண்டு ஒன்று கிடைத்தது. உமி கலந்த களிமண்; உள்ளே மூங்கில் இருந்த தடம். எழுநூறு வருஷத்துக்கு முந்தைய குடியானவர் வீடாக இருக்கும் என்றார் பார்க்க வந்த கல்லூரி ஆசிரியர். பச்சை மண் என்றைக்கோ கரைந்திருக்குமாம். வீடு தீப்பிடித்ததால்தான் சுவர் வெந்து நிலைத்துவிட்டதாம்.

அதில் விரல் பதிந்த குழிகள் இருக்கின்றன, அண்ணா. என் விரலை வைத்தேன், பொருந்தியது.

மறுபக்கமும் குழிகள். மண் அள்ள வந்த சரிதா தடவிப் பார்த்துவிட்டு, "அந்தப் பக்கமும் ஒராளு நின்னு அமுத்தலீன்னா இந்தச் செவுரு நின்னிருக்காதுங்க" என்றாள்.

கொத்தனாரைத் திருப்பி அனுப்பிவிட்டேன். அந்தப் பக்கக் குழிகள் சரிதா விரலுக்குப் பெரியவை. உங்கள் விரலுக்குச் சரியாக இருக்கும்.

உங்கள் தம்பி