ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த பெட்டி

ஜூன் 11, புதன், காலை 6.20.
இது மூன்றாவது தாள். முதல் இரண்டைக் கிழித்துவிட்டேன். அவற்றில் இருந்த வார்த்தைகளை அக்கா வீட்டுக்காரருக்கு எழுதக் கூடாது.

அத்தானுக்கு,

வணக்கம். இங்கே அக்காவும் குழந்தையும் சுகம். உங்கள் மகளுக்கு முன்பல் விழுந்துவிட்டது. நீங்கள் வந்ததும் காட்ட வேண்டுமென்று பஞ்சில் சுற்றி வைத்திருக்கிறாள். நான் சுகமில்லை. போன் செய்தால் எடுப்பதில்லை. எடுத்தாலும் "டியூட்டில இருக்கேன் மாப்ள" என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தைப் பாதியில் துண்டிக்க முடியாது என்பதால் எழுதுகிறேன்.

நீங்கள் எனக்கு விற்ற வேன் இப்போது போலீஸ் ஸ்டேஷன் பின்புறம் நிற்கிறது. போன வியாழக்கிழமை மருந்துக் கடையில் குளிர்பெட்டி ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் இரண்டு பேர் என் வண்டி நம்பரைப் படம் பிடித்தார்கள். பைனான்ஸ் கம்பெனி ஆட்களாம். உங்களுக்கு முன்பு அந்த வண்டியை வைத்திருந்த பேக்கரிக்காரர் வண்டிக் கடனைப் பாதியில் நிறுத்திவிட்டாராம். "கடன் வண்டியை ஒளிச்சு வச்சு ஓட்டுறியா?" என்று நடுத்தெருவில் கேட்டான் ஒருவன். ஒளித்து வைக்கிறவன் பக்கவாட்டில் தன் போன் நம்பரை அரையடி எழுத்தில் எழுதி வைப்பானா? கேட்டேன். அதற்குள் சாவியைப் பிடுங்கி, வண்டியை ஸ்டேஷனுக்கு ஓட்டிப்போய்ப் புகார் கொடுத்துவிட்டார்கள். கேஸ் சிலிண்டர், வாக்குவம் பம்ப், கேஜ் செட் என்று என் ரிப்பேர் சாமான்கள் எல்லாம் உள்ளேயே மாட்டிக்கொண்டன. மருந்துக் கடைக்காரர் அன்று மாலையே வேறு மெக்கானிக்கைக் கூப்பிட்டுக்கொண்டார். அவரைக் குறை சொல்ல முடியாது, மருந்து கெட்டுவிடும்.

வாங்கும்போது இன்ஜின் கம்ப்ரெஷன் பார்த்தேன். சேஸிஸுக்கு அடியில் படுத்து வெல்டிங் பார்த்தேன். பேப்பரை மட்டும் பார்க்கவில்லை. "வண்டி புக் பீரோல எங்கயோ இருக்கு, லீவுல வரும்போது பேரை மாத்திக்கலாம்" என்றீர்கள். அக்காவைக் கட்டியவரிடம் போய் இப்போதே காட்டு என்று எப்படிக் கேட்பது? வெளி ஆளாக இருந்தால் சட்டையைப் பிடித்துக் கேட்டிருப்பேன்.

இது வரைக்கும்கூட மன்னித்திருப்பேன். இனிமேல்தான் விஷயம்.

ஸ்டேஷனில் கம்பெனி ஆள், வண்டி எங்கே நிற்கிறது என்று காட்டுவதற்காகத் தாங்கள் பொருத்திய கருவியை யாரோ வேண்டுமென்றே கழற்றியிருக்கிறார்கள் என்றார். இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். நான் என்ன செய்தேன் தெரியுமா? "நான்தான் சார் கழட்டினேன்" என்று பெருமையாகச் சொன்னேன். வண்டியை அணைத்த பிறகும் அது கரண்ட் குடித்ததையும், பேட்டரி எப்படி இறங்கும் என்பதையும் பாடம் வேறு எடுத்தேன். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, "நீயே ஒத்துக்கிட்டது ரொம்ப நல்லதாப் போச்சுப்பா" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. "அதைக் கழட்டச் சொன்னது யாரு?" என்று அடுத்துக் கேட்டார். வாழ்க்கையில் முதல்முறையாக வாயை மூடிக்கொண்டேன்.

வண்டி வாங்கிய வாரம் உங்களுக்குப் போன் செய்தேன், ஞாபகம் இருக்கிறதா? பேட்டரி தினமும் இறங்குகிறது என்று மட்டும்தான் சொன்னேன். நீங்கள் யோசிக்கவே இல்லை. "ஸ்டியரிங்குக்குக் கீழ கறுப்பா ஒரு பெட்டி இருக்கும் மாப்ள. அது வேஸ்ட்டு, கழட்டிக் கடாசிடு" என்றீர்கள். டயர் மாற்றவே ஆள் தேடுகிற அத்தானுக்கு வயரிங் எல்லாம் தெரிகிறதே என்று வியந்துபோனேன். முட்டாள்.

உங்களுக்குக் கடன் தெரியும். பெட்டி எதற்கென்றும் தெரியும். பேக்கரிக்காரர் தவணையை நிறுத்தியதும் அவசரமாக வண்டியை என் தலையில் கட்டிவிட்டு ஊரை விட்டுப் போனீர்கள். கழற்றுகிற கை மட்டும் என்னுடையதாக இருக்க வேண்டும். அப்படித்தானே? இல்லை என்றால் இல்லை என்று எழுதுங்கள். நான் தப்பாகக் கணக்குப் போட்டிருந்தால் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கிறேன்.

அக்கா நேற்றுச் சோறு பரிமாறிக்கொண்டே சொன்னாள்: "அவர் மேல கோவப்படாதடா. வெள்ளந்தி மனுஷன். அவரையும்தான் அந்த பேக்கரிக்காரன் ஏமாத்தியிருக்கான்." பிறகு, தன் தம்பியை ஸ்டேஷன் வாசலில் நிறுத்தியவன் உருப்படமாட்டான் என்று சபித்தாள். நான் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன்.

இனி நான் செய்யப்போவது:

1. திங்கள்கிழமை பத்து மணிக்கு ஸ்டேஷனில் என் வாக்குமூலம். பெட்டியைக் கழற்றியது நான், கழற்றச் சொன்னது நீங்கள். இரண்டையும் எழுதிக் கையெழுத்துப் போடுவேன்.

2. இந்தக் கடிதம் வெள்ளிக்கிழமை உங்கள் கைக்கு வந்துவிடும். இன்ஸ்பெக்டரின் போன் நம்பரைப் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். நீங்களே முந்திக்கொண்டு அவரிடம் பேசினால், "என் அத்தான் தானாகவே உண்மையைச் சொன்னார்" என்பதையும் சேர்த்து எழுதுவேன்.

3. என் சாமான்களைக் கேட்டு வாங்கி, வாடகை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வேலைக்குப் போவேன்.

4. அக்காவிடம் நான் சொல்லமாட்டேன். உங்கள் வாயால் நீங்கள் சொல்லுங்கள். திங்களுக்கு முன்பே சொல்லுங்கள் அத்தான். என்னை ஸ்டேஷன் வாசலில் நிறுத்திய ஆளை, யாரென்று தெரியாமலே அவள் தினமும் சபிக்கிறாள். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, அது பலிக்கக் கூடாது என்று நான் வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் மச்சினன்