கரடிக்குப் போட்ட முடிச்சு

மார்ச் 3
பேத்திக்கு மிருகக்காட்சிசாலையில் வேலை கிடைத்துவிட்டது. என் மகள் வயிற்றுப் பேத்தி! வேலையின் பெயர் செறிவூட்டல். ஐந்தாவதோடு நின்ற நான் அந்த வார்த்தையை மாவுப் பாக்கெட்டில்தான் பார்த்திருக்கிறேன். மிருகங்களுக்கு மாவு பிசையப் போகிறாயா என்று கேட்டேன்.

"மாவுல சத்து சேர்க்கிற மாதிரி, அதுங்க நாள்ல ஏதாவது சேர்க்கணும் பாட்டி. சாப்பாட்டத் தட்டுல வைக்காம ஒளிச்சு வைக்கணும். அதுங்க தேடணும், நோண்டணும், கோவப்படணும்."

சாப்பாட்டை ஒளித்து வைக்க ஓர் உத்தியோகம்!

மார்ச் 4
எதிர்வீட்டு டீச்சரிடம் சொல்லியாயிற்று. பால்காரரிடம் இரண்டு தடவை.

மார்ச் 9
மாப்பிள்ளை செருப்பைக் காணாமல் வீடெல்லாம் குனிந்து தேடினார். "செறிவூட்டல், மாப்பிள்ளை" என்றேன். அவர் சிரிக்கவில்லை. சிரித்துச் சிரித்து எனக்குத்தான் வயிறு வலித்துவிட்டது.

மார்ச் 14
பேத்தி முகமே சரியில்லை. அங்கே ஒரு வயசான பெண் கரடி. பெட்டியில் பழம் ஒளித்தால் ஒரே அடியில் உடைத்து, விழுங்கி, மறுபடி சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுகிறதாம். மாதக் கடைசிக்குள் அது நடமாடாவிட்டால் இவளுக்கு வேலை நிரந்தரமில்லை என்று மேலதிகாரி சொல்லிவிட்டார்.

"டிவி முன்னாடி நீ உக்கார்ற மாதிரியே உக்காருது."

எனக்கு முட்டி வலி. கரடிக்கு என்னவாம்?

மார்ச் 20
பழைய துணியில் பழம் வைத்து லேசாக ஒரு மூட்டை கட்டித் தரச் சொன்னாள். லேசாகவா? சலவைக்கடையில் காலமெல்லாம் மூட்டை கட்டிய கை இது. கொடியோரம் கிடந்த பேண்ட்டை எடுத்து, இரண்டு காலிலும் பழத்தைத் திணித்து, பழக்க தோஷத்தில் முடிச்சுமேல் முடிச்சு போட்டு இறுக்கிவிட்டேன். அவள் கவனிக்காமல் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டாள். ஐயோ, நாமே பிள்ளை பிழைப்பைக் கெடுத்துவிட்டோமா? கரடி எப்படி அவிழ்க்கும்?

மார்ச் 21
அவிழ்க்க முடியவில்லையாம்! அறைந்ததாம், கடித்ததாம், மேலே ஏறி உட்கார்ந்ததாம், பேண்ட்டைத் தோளில் போட்டுக்கொண்டு மரம் ஏறியதாம். சாயங்காலம்வரை சுவர்ப்பக்கமே போகவில்லை. ஜனம் கைதட்டியிருக்கிறது. பேத்தி போனில் சிரிக்கிறாளா அழுகிறாளா தெரியவில்லை.

"இன்னும் நாலு கட்டி வை பாட்டி. இதே மாதிரி இறுக்கமா."

மார்ச் 22
மாப்பிள்ளை ஆபீஸ் பேண்ட்டைத் தேடுகிறார். நான் தூங்குவதுபோல் படுத்திருக்கிறேன்.

மார்ச் 31
நிரந்தரம்! டீச்சர், பால்காரர், வழியில் போன தபால்காரர், எல்லோருக்கும் சொல்லியாயிற்று. மாப்பிள்ளையிடம் பேண்ட் விஷயத்தையும் சொல்லிவிட்டேன். "கரடிக்கு அளவு சரியா இருந்துச்சா அத்தை?" என்றார். மனுஷனுக்குச் சிரிக்கத் தெரிந்திருக்கிறது.

ஏப்ரல் 2
காலையில் டிவி ரிமோட்டைக் காணவில்லை. என் நாற்காலியில் ஒரு துணி மூட்டை. அதில் என் முடிச்சு, அச்சு அசலாக! பேத்தி எப்போது பார்த்துக் கற்றுக்கொண்டாளோ, கழுதை. நன்றாகத் திட்டினேன். அவள் வேலைக்குப் போய்விட்டாள்.

நகத்தால் நெம்பினேன். ஜன்னல் வெளிச்சத்துக்கு எடுத்துப்போனேன். பல்லால் கடித்தேன். எதிர்வீடுவரை நடந்துபோய் டீச்சரையும் ஒரு கை பார்க்கச் சொன்னேன். முட்டி வலி இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. இன்னும் ஒரு முடிச்சு பாக்கி.

கத்தரிக்கோல் பக்கத்திலேயே இருக்கிறது. தொட மாட்டேன்.