சரளைமேட்டில் மலிவுப் பொருள் சோதனை

நாள் 1. காலை 7:20. சரளைமேடு, தெற்கு ஓரம்.

வானம் தெளிவு. வெப்பநிலை நான்கு. காற்று மிதம். உடல்நலம் நன்று, இடது முழங்கால் மட்டும் வழக்கம்போல் முணுமுணுக்கிறது.

இந்த நோட்டைப் பின்னால் யார் படிப்பார்களோ தெரியாது, அதனால் முறையாகத் தொடங்குகிறேன். என் பெயர் வேதநாயகி. வயது அறுபத்து மூன்று. புதுக்கரைக் குடியிருப்புப் பள்ளியில் முப்பத்தொரு ஆண்டு அறிவியல் நடத்தி ஓய்வு பெற்றவள். என் கொழுந்தன் செண்பகராமன் அங்கே கூட்டுறவுக் கடை நடத்துகிறான். குளிர்கால வேட்டைக்குப் போகும் குடும்பங்களுக்காகப் போன ஆண்டு மலிவான கூடாரம், பூட்ஸ், உறக்கப்பை, அடுப்பு, கத்தி எல்லாம் வரவழைத்தான். அதே பருவத்தில் இந்த மேட்டில் மருதையனும் அவர் மைத்துனரும் இறந்துபோனார்கள். கூடாரம் கிழிந்து கிடந்தது. உடல்கள் கிடைக்கவில்லை. ஊர் முழுக்க ஒரே பேச்சு: மலிவுச் சாமான் ஆளைக் கொன்றுவிட்டது.

எட்டாம் நாள் நாற்பது குடும்பங்கள் இதே பொருள்களோடு இங்கே பாறைப்பன்றி வேட்டைக்கு வருகின்றன. அதற்குள் எது நல்லது, எது ஆபத்து என்று நான் சொல்லியாக வேண்டும்.

கூடாரம் கட்ட ஆறு நிமிடம். தனி ஆளாக. விலை ஆயிரத்து நூறு ரூபாய். முதல் பார்வைக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

நாள் 1. மாலை 5:00.

அடுப்பு ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்க ஐந்து நிமிடம் நாற்பது வினாடி. பூட்ஸ் ஓடையில் பத்து நிமிடம் நின்றும் உள்ளே ஈரமில்லை. கத்தி கயிறு, தோல், விறகு மூன்றையும் வெட்டிய பிறகும் காகிதத்தைச் சீவுகிறது.

தடப்பெட்டி பற்றியும் எழுதிவிடுகிறேன். இது கடைப் பொருள் அல்ல, குடியிருப்பு நிர்வாகம் கொடுப்பது. விலை பதினெட்டாயிரம். மேட்டுக்கு வரும் ஒவ்வொருவரும் இடுப்பில் கட்டியே ஆக வேண்டும். நாம் இருக்கும் இடத்தைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அறிவிக்கும். அருகில் உள்ள மற்றப் பெட்டிகளைத் திரையில் பச்சைப் புள்ளிகளாகக் காட்டும். பேசவும் செய்யலாம், ஆனால் ஊரோடு பேசத் தொடர்புக்கோள் தலைக்குமேல் வர வேண்டும். காலை ஏழு, மாலை ஐந்து, இரண்டே வேளை.

ஐந்து மணித் தொடர்பில் செண்பகராமன்:

"அண்ணி, அடுப்பு வெடிச்சிதா? ஊர்ல பந்தயமே கட்டிட்டாங்க. என்னை இப்ப மலிவுச் செண்பகம்னுதான் கூப்புடுறாங்க. போற வர்றவன் எல்லாம் ஒரு கிலோ ஆளு என்ன விலைன்னு கேக்குறான்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். பிறகு குரலைத் தாழ்த்தி, "மருதையன் பொண்டாட்டி இன்னும் நம்ம கடைப் பக்கம் வர்றதில்ல, அண்ணி" என்றான்.

நாள் 2. பகல் 12:15.

குறுக்குவில் சோதனை. இருபது அடித் தூரம், எட்டு அம்புகள், ஏழு இலக்கில். எட்டாவது என் கை நடுக்கம். வில்லைக் குற்றம் சொல்ல முடியாது.

11:40 மணிக்கு மேற்கே சரளைக் கற்கள் அசைந்தன. விலங்கு எதுவும் இல்லை. வெயில் நன்றாக அடித்தது, எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. கற்கள் தாமாக ஒரு முழம் எழும்பி, கோடுபோல் நகர்ந்து, அடங்கின. போர்வைக்குள் பூனை போனால் துணி எப்படி எழுந்து எழுந்து போகும், அப்படி.

நில அதிர்வாக இருக்கலாம். குறித்துவைக்கிறேன்.

நாள் 3. காலை 6:30.

கூடாரத்தைச் சுற்றி வளையம். பதினான்கு அடித் தூரத்தில், ஏர் உழுததுபோல் ஒரு பள்ளம், முழு வட்டமாக. நேற்று மாலை இல்லை. நில அதிர்வு வட்டம் போடாது.

கூடாரம் நிற்கும் இடத்தின் அடியில் பாறைத் தட்டு இருக்கிறது. தற்செயலாக அமைந்தது. அது இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்க விரும்பவில்லை.

நாள் 3. காலை 7:00. தொடர்பு.

வளையத்தைப் பற்றிச் சொன்னேன். செண்பகராமன் கேலி பேசவில்லை.

"அண்ணி, கிளம்பி வந்துடுங்க. சாமான் போனாப் போகுது. அண்ணன் இல்லாத வீட்ல உங்களையும் தொலைச்சிட்டு நான் என்ன பண்ணுவேன்?"

வரவில்லை என்றேன். நான் ஓடி வந்தால் குடும்பங்கள் எட்டாம் நாள் கிளம்பத்தான் போகின்றன. குளிர்காலத்துக்கு இறைச்சி வேண்டும். மண்ணுக்குள் இருக்கும் ஏதோ ஒன்றை இந்தப் பொருள்களில் ஏதோ ஒன்று கூப்பிடுகிறது. எது என்று தெரிந்தால் அதை மட்டும் விட்டுவிட்டு வரச் சொல்லலாம்.

குழந்தைகளுக்குச் சொல்வதுண்டு: குழம்பு கெட்டுப்போனால் புளியையும் உப்பையும் சேர்த்து மாற்றாதே. ஒன்றை மாற்று, ருசி பார். பிறகு அடுத்தது.

நாள் 4. காலை 10:50.

பொருள்களை நாற்பது அடி இடைவெளியில் சரளையில் தனித்தனியாக வைத்தேன். கூடாரம் ஓரிடம். எரியும் அடுப்பு ஓரிடம். உறக்கப்பைக்குள் வெந்நீர்ப் புட்டி, ஆள் படுத்திருப்பதுபோல். பூட்ஸ் தனியாக. நான் பாறைத் தட்டில், வெறும் காலோடு.

10:20. கற்கள் எழுந்தன. அடுப்பைத் தாண்டிப் போனது. நிற்கவில்லை.

10:30. உறக்கப்பையை உரசிப் போனது. தொடவில்லை.

10:40. கூடாரத்துக்கு அடியிலேயே போனது. துணி எழுந்து இறங்கியது. அவ்வளவுதான்.

பிறகு நேராக என்னிடம். பாறையின் விளிம்பில் முட்டியது. முட்டிய அதிர்வு என் பல்லில் தெரிந்தது. மூன்று முறை. முழுப் பகல் வெளிச்சம், ஒரு நகம்கூடக் கண்ணில் படவில்லை.

அப்படியானால் நான்தானா?

நாள் 4. பகல் 12:30.

எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நேரங்களை மறுபடி பார்த்தேன். 11:40. 10:20, 10:30, 10:40. பத்து பத்து நிமிடம். இடுப்பில் இருக்கும் பெட்டியை மறந்தே போயிருந்தேன். மூக்கின் மேல் இருக்கும் கண்ணாடியை வீடெல்லாம் தேடுவோமே, அதுபோல.

சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து, பெட்டியின் மேல் வைத்து, உப்பைத் தூவினேன். காதுக்கு ஒன்றும் கேட்கவில்லை. 12:10 ஆனதும் உப்புத் துகள்கள் எழும்பித் துள்ளி வரிவரியாக நின்றன. பெட்டி நமக்குக் கேட்காத ஒலி ஒன்றை எழுப்புகிறது. மண்ணுக்குள் வாழும் உயிருக்கு அது கோயில் மணிபோல் கேட்கும்.

உறுதி செய்துகொள்ள, பெட்டியைக் கடைக் கயிற்றில் கட்டிச் சரளையில் எறிந்தேன். 12:20. கற்கள் பெட்டியை நோக்கி நாலாபுறமிருந்தும் வந்தன. நாலாபுறமிருந்தும். ஒன்றல்ல. இழுத்தேன். எதிர்ப்பக்கமும் இழுத்தது. எண்பது ரூபாய்க் கயிறு அறவில்லை. பெட்டி திரும்பி வந்தது. ஓரத்தில் மூன்று ஆழமான கீறல்.

இந்தப் புதுப் பெட்டிகள் வந்ததும் போன ஆண்டுதான். மலிவுப் பொருள்கள் வந்த அதே மாதம். ஒரே ஆண்டில் இரண்டு மாற்றம். நாங்கள் எல்லோரும், நான் உட்பட, மலிவானதை மட்டும் சந்தேகப்பட்டோம். மருதையனின் பெட்டி கீறலோடு, இயங்கிக்கொண்டே கிடைத்தது. "பார், நல்ல பொருள்னா இதான்" என்று கூட்டத்தில் தூக்கிக் காட்டினார்கள். நானும் தலையாட்டினேன்.

பகல் 2:00. பெட்டியை அணைத்துவிட்டேன். கற்கள் அடங்கின. பாறைகள் வழியாகவே கிழக்கே இறங்கிப் போகிறேன்.

நாள் 4. மாலை 6:10.

உள்ளதை எழுதிவிடுகிறேன். ஐந்து மணிக்குப் பெட்டியைத் திறந்து ஊருக்குச் சொல்லியிருக்க வேண்டும். கையில் எடுத்தேன். இரண்டு பக்கமும் சரளை. விரல் போகவில்லை. நாளை நண்பகலுக்குள் நேரில் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன்.

நாள் 5. காலை 9:00.

இரவு மழை. கீழே ஓடை பெருகி வழியை அடைத்துவிட்டது. ஒரு பாறையில் உட்கார்ந்திருக்கிறேன். உறக்கப்பை நனைந்தும் சூடு விடவில்லை.

ஏழு மணிக்கும் திறக்கவில்லை. ஏழு மணிக்கும் பயம்.

இப்போதுதான் விதி நினைவுக்கு வருகிறது. பன்னிரண்டு மணி நேரம் ஒரு பெட்டி பேசாவிட்டால் தேடும் குழு புறப்படும். இந்நேரம் பத்தொன்பது மணி நேரம்.

நாள் 5. பகல் 12:40.

திறந்தேன். திரையில் புள்ளிகள். பதினொன்று. சரளைமேட்டின் நட்டநடுவில், வரிசையாக. நேரடியாகப் பேசும் தூரம்தான்.

"அண்ணி! ஐயோ, கெடச்சிட்டீங்க! எங்க இருக்கீங்க? பதினோரு பேர் வர்றோம். எல்லாப் பெட்டியும் தேடல் நிலையில தெறந்து வெச்சிருக்கோம், இனி கவலப்படாதீங்க!"

செண்பகராமன். மூச்சிரைக்க, சிரித்துக்கொண்டு. அணைக்கச் சொன்னேன். கத்திச் சொன்னேன். கூப்பிடுவது பெட்டிதான், உங்கள் சாமானில் ஒன்றுமில்லை, அணையுங்கள், பாறைக்கு ஓடுங்கள்.

"அண்ணிக்கு மேட்டுக் காத்து தலைக்கேறிடுச்சுப்பா" என்று யாரிடமோ சொன்னான். பிறகு என்னிடம்: "தேடல் நிலையில நாங்களா அணைக்க முடியாது அண்ணி. வெல ஜாஸ்தியான சாமான்னு மார்புப் பட்டையோட பூட்டியே குடுத்துட்டாங்க. சாவி ஆபீஸ்ல."

வரிசையின் கடைசிப் புள்ளி மறைந்தது. பத்து.

"யாரு கத்துனது? பின்னாடி யாரு? சோலையா? சோல—"

ஒன்பது.

பகல் 12:47.

பட்டையைக் கத்தியால் அறுக்கச் சொன்னேன். உள்ளே கம்பி வலை. ஒருவருக்கு மூன்று நிமிடம் ஆகுமாம். "நம்ம கடைக் கத்திதான் அண்ணி, அறுக்குது, அறுக்குது" என்று அழுகிறான். எட்டு. பாறை நானூறு அடி தள்ளி. ஏழு.

அவர்களுக்கு நேரம் வேண்டும்.

என் பெட்டியில் அவசரப் பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் விடாமல் ஒலிக்கும், பல மடங்கு உரக்க. கயிற்றால் அழுத்திக் கட்டிப் பார்த்தேன்; வேலை செய்யவில்லை. உயிருள்ள விரலின் சூடு வேண்டும். பாறைமேல் இருந்தால் அதிர்வு பக்கத்தில் மட்டும்தான் கேட்கும், அவ்வளவு தூரம் எட்டாது. சரளையில் வைத்துப் பிடிக்க வேண்டும்.

பகல் 12:51. சரளையில்.

இடது கை பொத்தானில். வலது கையால் எழுதுகிறேன்.

கூடாரம் நன்று. பூட்ஸ் நன்று. அடுப்பு, உறக்கப்பை, கயிறு, கத்தி நன்று. கொடுத்த விலைக்கு மேலேயே உழைத்தன. செண்பகராமன் யாரையும் கொல்லவில்லை. மருதையன் மனைவியிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். மருதையனையும் மைத்துனரையும் சாகவிட்டது நிர்வாகத்தின் பெட்டி. இன்று போன நால்வருக்குக் காரணம் என் இரண்டு வேளைப் பயம். சோலையைத் தவிர மற்ற மூவரின் பெயர் எனக்குத் தெரியவில்லை. கேட்டு எழுதிவிடுங்கள்.

குடும்பங்கள் பெட்டியோடு வரக்கூடாது. பெட்டி இல்லாமல் வரலாம்.

ஏழு.

மேற்கே முழு மேடும் எழுகிறது. இந்தப் பக்கம் திரும்பிவிட்டது. அலைபோல, அலை

ஏழு. ஒருவர் பட்டையை அறுத்துவிட்டாராம். செண்பகராமன் பெயர் பெயராகக் கத்துகிறான். என்னையும் கூப்பிடுகிறான். பதில் சொல்லக் கையில்லை.

ஐம்பது அடி

விரல் மரத்துவிட்டது. எடுக்கமாட்டேன். கண்ணை மூடிக்கொள்ளலாம் என்றால் புள்ளிகளைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

நோட்டைப் பாறைமேல் எறிகிறேன். எடுக்க வருபவர் பாறை வழியாக வாருங்கள். கீழே பெட்டி கிடந்தால் தொடாதீர்கள். ஒலிக்கவில்லை என்று தோன்றினாலும்

ஏழு