இரண்டு கோட் மசாலா

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் சுகம். வழக்கத்துக்காக இதை எழுதவில்லை, உண்மையாகவே எழுதுகிறேன், முழுதும் படித்தால் உனக்கே புரியும். போனில் சொன்னால் அம்மா பாதியில் பிடுங்கி வேறு கதை பேச ஆரம்பித்துவிடுவாள், அதனால்தான் கடிதம்.

மருந்து ஏற்ற ஆரம்பித்ததிலிருந்து அவளுக்கு நாக்கு மரத்துப்போனதும், எதை வாயில் வைத்தாலும் இரும்பைக் கடிப்பது மாதிரி இருக்கிறது என்று சொன்னதும் உனக்குத் தெரியும். நான் எதைச் செய்து கொடுத்தாலும் இரண்டு ஸ்பூன் சாப்பிட்டுவிட்டு, நல்லாதான் இருக்குங்க, போதும் என்று தட்டைத் தள்ளிவிடுவாள். அந்த "நல்லாதான் இருக்கு"தான் எனக்குப் பயமாக இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து நான் போட்ட டீயைக்கூட அவள் நல்லா இருக்கு என்று சொன்னவள் இல்லை. போன தடவை டாக்டரம்மா எடை பார்த்துவிட்டு, இன்னும் குறைந்தால் அடுத்த மருந்தைத் தள்ளிப்போட வேண்டியதுதான் என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

அன்றைக்குத்தான் நீ போனில் சொல்லிக்கொடுத்த மீனைச் செய்து பார்த்துவிடுவது என்று இறங்கினேன். முள் எடுத்த மீன் துண்டு வாங்கி, நீ சொன்னபடி மிளகாய்த்தூள், சீரகத்தூள், பூண்டு, உப்பு, எண்ணெய் எல்லாம் குழைத்தேன். தடவுவதற்குக் கை எதற்கு என்று புது பிரஷ் ஒன்றை எடுத்தேன். இத்தனை வருஷம் பட்டறையில் வண்டிக்குப் பெயின்ட் அடித்த கை அல்லவா, சும்மா இருக்குமா? ஒரு கோட் அடித்து, ஃபேன் காற்றில் காயவைத்து, அதன்மேல் இன்னொரு கோட். ஈரத்தின் மேல் ஈரம் அடித்தால் வழிந்துவிடும் பார். அம்மா படுத்தபடியே எட்டிப் பார்த்து, என்னங்க, வண்டிய டெலிவரி குடுக்கப் போறீங்களா என்று கேட்டாள். ஓவனில் மேல் சூட்டை மட்டும் வைத்து வாட்டினேன், ஓரமெல்லாம் லேசாகக் கருகி வாசனை தூக்கியது. மீனோடு தொட்டுக்கொள்ள நீ சொன்ன அந்தப் பழப் பச்சடிக்கு, அதான் சல்சாவுக்கு, மாம்பழம், அன்னாசி, வெங்காயம், கொத்தமல்லி எல்லாம் பொடியாக நறுக்கி எலுமிச்சை பிழிந்தேன். எல்லாத் துண்டும் ஒரே அளவாக வர வேண்டும் என்று ஸ்கேல் தேடியதை மாப்பிள்ளையிடம் சொல்லாதே.

ஆனால் கோட் இரண்டு என்றால் காரமும் இரண்டு மடங்கு என்பது இந்த மண்டைக்கு உறைக்கவே இல்லை. ஒரு வாய் வைத்தாள், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மனுஷன் திம்பானா இத, வாயெல்லாம் எரியுது என்று ஒரே சத்தம். நான் பதறித் தண்ணீர் எடுக்க ஓடினேன். திரும்பி வந்து பார்த்தால் பழத்தை அள்ளி வாயில் போட்டுக்கொண்டிருக்கிறாள். எரிச்சல் அடங்கியதும் மறுபடி மீன், மறுபடி பழம். மாம்பழம் புளிக்குது, பாத்து வாங்கத் தெரியாதா என்றாள். புளிக்கிறது என்று சொன்னாள் அம்மா! நான் தண்ணீர் டம்ளரோடு அப்படியே நின்று அழுதேன். என்னத்துக்கு அழறீங்க, உப்பும்தான் கம்மி என்றாள்.

அதற்குப் பிறகு காரத்தைக் குறைத்து அடிக்கடி செய்கிறேன். நேற்று எடை பார்த்தார்கள், கூடவில்லை, ஆனால் குறையவும் இல்லை. அடுத்த மருந்தைக் குறித்த தேதியிலேயே ஏற்றலாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அதனால் நீ லீவு போட்டு அலறியடித்து ஓடி வராதே. வேலையோடு வேலையாகப் படிக்கிறாயே, அந்தப் பரீட்சையை நல்லபடியாக முடித்துக்கொண்டு நிதானமாக வா. காலையில் பட்டினியாக வேலைக்கு ஓடாதே. பல் டாக்டரைப் பார்க்கச் சொன்னேனே, மறந்துவிடாதே.

நீங்கள் இரண்டு பேரும் நோய் நொடி இல்லாமல், மனம் நிறைந்து இருக்க வேண்டும் என்று வாழ்த்தும்

உன் அப்பா

கண்ணு, அப்பா கவர் வாங்கக் கடைக்குப் போயிருக்கிறார். மீன் நன்றாகத்தான் இருந்தது, அவரிடம் சொல்லிவிடாதே. இன்னும் எழுதலாம்தான், ஆனால் பசிக்கிறது. — அம்மா